மாசியில் முளைத்த வெள்ளைப் புருவம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும். இலையில் பருப்பு விழுவதற்கு முன்பே "அந்தக் காலம் மாதிரி வருமா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படம், ஈரம் காயாத யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடியது, திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தது. உங்களுக்கு அதெல்லாம் இனிக்கிறது. இனிக்கட்டும். எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை, உங்களோடு சேர்ந்து பெருமூச்சு விட எல்லாத் தகுதியும் இருக்கிறது. ஆனால் வாய் வருவதில்லை.

அந்தக் காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்குமான நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஒரு காட்டு வாத்தும் என் சித்தியும் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒன்றாக இருந்த நாட்கள். நம்மைப் பெற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியின் குடோனைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் வெள்ளாயணிக் காயலுக்குப் பக்கத்தில், வயலை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சுவருக்குச் சுவர் ஒட்டிய சில வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, பின்னால் ஒரு நீளமான முற்றம். குடியிருந்தவர்கள் எல்லோரும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. சாலையிலேயே ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் இரும்புக் கடைக்காரருக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்களும் நம் ஆட்கள்தான், தலைமுறை தலைமுறையாகச் சாலையில் வேர் விட்டவர்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஒரு டாக்டரம்மா சித்தியைச் சோதித்துவிட்டு, உன்னிடம் ஒரு குறையும் தெரியவில்லை, அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். மாமியார் அதைக் கேட்டு ஆடித் தீர்த்துவிட்டாளாம். "என் மவனுக்கு என்ன சோதன? மீச முளைச்ச ஆம்பிளையக் கொண்டுபோயி ஆஸ்பத்திரியில காட்டவா?" சித்தப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். இதைச் சித்தி அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மாமியாருக்கு டாக்டரைவிடக் கைராசியில் நம்பிக்கை அதிகம். கறிவேப்பிலைக் கன்று நடுவதற்கும் பாலுக்கு உறை ஊற்றுவதற்கும் கோழிக்கு அடை வைப்பதற்கும் யார் கை என்று பார்க்கிற குடும்பம். நம் வீடுகளிலும் அது உண்டு, மறைக்க வேண்டாம். அந்த வீட்டில் மருமகள்தான் அடை வைக்க வேண்டும். சித்தி வைத்த முட்டைகள் முதல் தடவையும் கூமுட்டை, அடுத்த தடவையும் கூமுட்டை. அந்த வீட்டுச் சேவலுக்கு வயதாகிவிட்டது என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மாமியாரே சித்தியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தியின் கையில் பச்சைத் தகரப் பெட்டி இருந்தது. மாமியார் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "இங்கண இருக்கட்டும். ஒரு பெட்டைய அவ கையாலயே வளக்கட்டும். அது முட்டை போட்டுதுன்னா சொல்லி அனுப்புங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். தை வரைக்கும் பாப்போம். இல்லேன்னா பின்னே எங்க வழிய நாங்க பாத்துக்கிடுவோம், கேட்டியா?" எங்கள் வழி என்றால் தென்காசிப் பக்கம் பார்த்து வைத்திருந்த வேறொரு பெண். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அம்மா கையைக் கூப்பி, "ஒங்களுக்குப் பெரிய மனசு" என்றாள். ஒரு பறவையின் வயிற்றை வைத்து தன் தங்கையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதை அம்மா ஒரு சலுகையாக எடுத்துக்கொண்டாள்.

சித்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலையில் எப்போதும் பிச்சிப்பூ, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு, யார் நடந்தாலும் அதே மாதிரி நடந்து காட்டுவாள். மாமியார் காப்பி ஆற்றுவதை அன்று சாயங்காலமே எனக்கு நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "ஒரு முட்டைதானட்டி? போடாமலா போவும்?" என்றாள்.

கோழி வாங்குவதாகத்தான் திட்டம். ஆனால் அந்த மழையில் லைன் வீட்டுக் கோழிகள் எல்லாம் கழுத்தைத் திருகிக்கொண்டு சீக்கில் செத்துக்கொண்டிருந்தன. தாராவுக்குக் கோழிச்சீக்கு வராது என்று அப்பா சொன்னார். தாரா என்றால் எங்கள் பேச்சில் வாத்து. காயலிலும் வயலிலும் வலை போடுகிற ஒருவர் எங்களுக்குப் பழக்கம், அவரைக் காயல்காரர் என்றுதான் சொல்வோம். அப்பா அவரிடம் சொல்லி வைத்தார். ஒருநாள் காலையில் அவர் வாழை நாரால் கால் கட்டிய சில பறவைகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் தவிட்டு நிறம், உடம்பெங்கும் புள்ளியும் வரியும். நாலைந்தில் கைக்கு வந்த ஒன்றை அப்பா அவிழ்த்தெடுத்தார்.

"இது பிடயாணோ?" என்று கேட்டார். பிட என்றால் பெட்டை.

"பிட தன்னெ, சாரே," என்றார் காயல்காரர். பெட்டை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதே பறவையை ஆண் என்று சொல்லி விற்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் தீர்ப்பு அம்மாவுடையது. அம்மா நாஞ்சில் நாட்டுக்காரி. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவள், வாத்து விஷயத்தில் அவளை மிஞ்ச லைனில் ஆள் கிடையாது. அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்து வாலைப் பார்த்தாள், திருப்பித் தலையைப் பார்த்தாள். "வால்ல சுருள் இல்ல, தலையில பச்ச இல்ல. பெட்டைதாம்லா, இதுல என்ன சந்தேகம்?" வீட்டு வாத்துக்கு அது சரியான அடையாளம். ஆண் என்றால் வால் இறகு சுருண்டு நிற்கும், தலை பளபளவென்று பச்சையாக இருக்கும். இது வீட்டு வாத்து இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு, தின்றால் வளர்ந்துவிடும் என்று அம்மா முடித்துவிட்டாள்.

பறந்து போகாமலிருக்க ஒரு பக்கத்துச் சிறகை வெட்ட வேண்டும். அப்பா உடம்பைப் பிடித்துக்கொண்டார், சித்தி சிறகை விரித்துப் பிடித்தாள், அம்மா தையல் கத்தரியை எடுத்தாள். விரித்தபோதுதான் பார்த்தோம். மடித்திருக்கையில் தவிட்டு நிறமாகத் தெரிந்த சிறகின் தோள்பக்கம், சாம்பல் கலந்த வெளிர் நீலம். பலமுறை துவைத்து வெளுத்த என் பள்ளிக்கூடப் பாவாடையின் நிறம். "ஏட்டி, உள்ளுக்குள்ள நீலப் பட்டு உடுத்திருக்கியா நீ?" என்று சித்தி அதனிடம் கேட்டாள். அம்மாவும் நல்ல நிறம் என்றாள். சொல்லிக்கொண்டே நீளமான இறகுகளை வரிசையாகக் கத்தரித்தாள். "முடி மாதிரிதான், கொஞ்ச நாள்ல வளந்திரும்," என்றாள்.

அன்றிலிருந்து அதற்கு ஏட்டி என்றே பெயர். நம் பக்கத்தில் பெண் பிள்ளையைக் கூப்பிடுகிற அதே ஏட்டி. முதலில் யாரையும் அண்டவிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கார்த்திகை வாக்கில் சித்தியின் காலடிச் சத்தம் கேட்டாலே கழுத்தை நீட்டும். துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிறைத்து, ஊறவைத்த நெல்லைப் போட்டுவிடுவாள். அது முங்கி நீந்தாது. தலையையும் மார்பையும் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அடியில் கிடக்கிற நெல்லைத் துழாவும். லைன் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று கெக்கலிப்போம். சேற்றுத் தண்ணீரை அலகுக்குள் இழுத்து ஓரங்கள் வழியாக வெளியே விடும், சின்னச் சின்ன விதைகளும் புழுக்களும் மட்டும் உள்ளே தங்கிவிடும். வயலில் நத்தை பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பது என் வேலை. என் பாவாடையில் எப்போதும் அந்தச் சேற்று வாடை இருக்கும்.

பகலெல்லாம் தூங்கும். பொழுது சாய்ந்தால் அதற்கு நிலைகொள்ளாது. காயலின் நடுவில் பகலைக் கழித்த காட்டு வாத்துக் கூட்டம் அந்த நேரத்தில் எழும்பி எங்கள் கூரைக்கு மேலாக வயல்களுக்கு இரை தேடப் போகும். இறகுச் சத்தம் முதலில் வரும், அப்புறம்தான் பறவைகள் தெரியும். ஏட்டி ஒரு கண்ணை மேலே திருப்பிக்கொண்டு நிற்கும். பிறகு முற்றத்தின் நீளத்துக்கு ஓடும், ஒரு முழுச் சிறகையும் ஒரு அரைச் சிறகையும் அடித்துக்கொண்டு, சுவரில் முட்டி நிற்கும் வரை. சித்தி ஓடிப்போய் அதைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். "போவலாம் போவலாம். ரெண்டு பேரும் அவுங்கவுங்க வீட்டுக்குப் போவலாம்," என்பாள்.

அது கத்தின சத்தம் எங்களுக்குத் தெரிந்த எந்த வாத்துச் சத்தமும் இல்லை. மரச்சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினால் ஒரு கரகரப்பு வருமே, அதுதான். அம்மா அதற்கும் ஒரு முடிவு வைத்திருந்தாள். காயல் தண்ணீர் சேர்ந்து தொண்டையில் சளி கட்டியிருக்கிறதாம். மிளகுக் கஷாயத்தை ஆறவைத்து அலகைப் பிளந்து ஊற்றினாள். அது தும்மித் தும்மி முற்றமெல்லாம் தெளித்தது. தும்மி முடித்துவிட்டு மறுபடியும் அதே கரகரப்பு.

மார்கழியில் சித்தியின் பாட்டு நின்றுபோனது. பழைய ஓலைக் கடவத்தில் வைக்கோல் பரப்பி, அது படுக்கிற இடத்தைக் காலையில் எழுந்ததும் கையால் தடவிப் பார்ப்பாள். லைன் வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டார்கள், "முட்டை உண்டா?" என்றுதான் கேட்பார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள். அந்த அக்கறையைக் கேட்கக் கூடாது என்று சித்தி விடிவதற்கு முன்பே தண்ணீர் இறைத்து வைத்துவிடுவாள். சாப்பாடு குறைந்தது. எங்கள் வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஒரு வாத்தின் பின்பக்கத்தில் இருந்தது.

அம்மா ஒருநாள் கடையிலிருந்து ஒரு தாரா முட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். "இத வைக்கோல்ல வச்சிருவோம். ஆள் அனுப்புவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

சித்தி அந்த முட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "நாளைக்கு அங்க போன பெறவு அவியோ இன்னொண்ணு கேப்பாவோ. அதுக்கும் கடைக்குப் போவியாக்கா? இதுக்கு ஒண்ணும் வேண்டாம். அது போடும்." அன்று ராத்திரி அந்த முட்டையை அவித்து எனக்குக் கொடுத்தாள். பொய் சொல்லியிருக்கலாமே சித்தி என்று நான் பல வருடங்கள் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன்.

சித்தப்பா ஒரே ஒரு தடவை வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தினார், இறங்கவில்லை. ஒரு கவர் ஆரஞ்சுப் பழத்தை என் கையில் கொடுத்தார்.

"முட்டை போட்டுதா?" என்று சித்தியைக் கேட்டார்.

"இல்ல."

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

"நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருகிச் சரிசெய்தார். அது முன்பே சரியாகத்தான் இருந்தது. பிறகு கிளம்பிப் போய்விட்டார். நல்ல மனுஷன் என்று அம்மா இன்றைக்கு வரைக்கும் சொல்கிறாள், அடித்ததில்லை, குடித்ததில்லை.

தை பிறந்து பொங்கல் கழிந்ததும் மாமியார் வந்தாள். நேராகப் பின்பக்கம் போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஏட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெறும் வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள். "நல்லா தின்னு கொழுத்த பெட்டை. ஒரு முட்டைக்கு வழியில்ல. இவ கை பட்டா பறவையும் மலடுதான்." இதைத் திட்டுகிற மாதிரி சொல்லவில்லை, ரசத்துக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். தென்காசிப் பெண்ணைப் பங்குனியில் கோயிலில் வைத்து எளிமையாகக் கட்டப் போவதாகவும், சித்தியின் பாத்திரங்களை ஆள் வைத்து அனுப்புவதாகவும் சொன்னாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரை போய் அவளை வழியனுப்பினதும் அவர்தான்.

மாசியில் அந்தப் புருவம் முளைத்தது.

முதலில் கண்ணுக்கு மேலே நரைத்த மாதிரி ஒரு கோடு. அம்மா பூஞ்சை என்றாள், தேங்காயெண்ணெய் தடவினாள். எண்ணெய் தடவத் தடவ கோடு வெள்ளைவெளேரென்று தெளிந்து, கண்ணுக்கு மேலிருந்து வளைந்து பிடரி வரைக்கும் இறங்கியது. முகம் காப்பிக்கொட்டை நிறமானது. மார்பில் கரும்பழுப்புச் செதில்கள், விலாவில் மெல்லிய சாம்பல் கோடுகள், முதுகிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட இறகுகள் வழிந்தன. தவிட்டு மூட்டை மாதிரி வந்த பறவை மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேயிருந்தோம்.

வயல் வரப்பில் போன காயல்காரரை அப்பா கூப்பிட்டுக் காட்டினார். அவர் சிரித்தார். "இது பூவனாணல்லோ, சாரே." பூவன் என்றால் ஆண். அப்பா கோபப்பட்டார். "நீர்தானவே பெட்டைன்னு சொன்னீரு?" அவர் அசரவில்லை. "வரும்போ எல்லாம் ஒருபோல இருக்கும். மாசியிலதான் பூவன் தெரியும். கறிக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

சித்தி ஏட்டியைத் தூக்கி அதன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "ஏலே! ஆம்பிளையால நீ? இத்தன நாளும் எங்கிட்ட சொல்லல பாத்தியா!" சிரித்தாள், அழுதாள். மாதங்கள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். பங்குனிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆண் எப்படி முட்டை போடும்? இதைக் கண்ணால் பார்த்தால் போதும், மாமியாருக்குப் புரிந்துவிடும், கல்யாணம் நின்றுவிடும். அப்படித்தான் சித்தி நம்பினாள். நானும் நம்பினேன்.

மறுநாளே கிளம்பினோம். சித்தி கல்யாணப் புடவையை உடுத்தி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டாள். வயர் கூடைக்குள் துணியை விரித்து அதை உட்கார வைத்தோம். பஸ் முழுவதும் அது தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. கண்டக்டர், "சேச்சிக்கு ஒண்ணு, குட்டிக்கு அரை. தாராவினோ?" என்று கேலி செய்தார். சித்தி விடவில்லை. "இவன் ஆம்பிளையாக்கும். முழு டிக்கெட் குடுங்க!" பஸ்ஸே சிரித்தது. சித்தியை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கிழக்கேகோட்டையில் இறங்கிச் சாலைக்குள் நடந்தோம். கடையில் சித்தப்பா யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். பக்கவழியாக வீட்டுக்குள் போனோம். மாமியார் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி கூடையை அவள் முன்னால் வைத்துப் பறவையை வெளியே எடுத்தாள்.

"அத்தே, இதப் பாருங்க. இது ஆண் தாரா. அதான் முட்டை போடல. என் கைல ஒரு குத்தமும் இல்ல அத்தே."

மாமியார் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள், மார்பைப் பார்த்தாள். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து இரண்டடி பின்னால் போனாள். அவள் முகத்தில் நிஜமாகவே பயம் இருந்தது.

"தையில நான் எங்கண்ணால பாத்தேன். பெட்டை. ஒங்க அக்கா பாத்தா, அத்தான் பாத்தாரு, அந்த லைன்ல உள்ள எல்லாரும் பாத்தாவோ. பெட்டையாட்டு வந்தத இவ கைல வச்சு ஆணாக்கிட்டாளே! மலடாக்கினது போதாதா? இனி இவள உள்ள எடுத்தா இந்தக் குடும்பம் வெளங்குமா?"

சத்தம் கேட்டுச் சித்தப்பா கடையிலிருந்து உள்ளே வந்தார். சித்தி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ஒரே ஒரு தடவ எங்கூட டாக்டர்ட்ட வாங்க. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் நான் கேக்கல." சித்தப்பா குனிந்து பறவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல அழகாட்டு இருக்கு," என்றார். கடையில் யாரோ கீல் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவர் போய்விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது. இதையெல்லாம்கூட நான் தாங்கிக்கொண்டேன், மாமியார் அப்படித்தான் என்று. தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் யோசித்தாள். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். "அப்படியும் இருக்கும்லா? நான் பாக்கும்போ அது பெட்டைதான். எனக்கா தாரா தெரியாது?"

தன் கண் தப்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அதைச் சொல்வதைவிட, தங்கையின் கை ஒரு பெண் பறவையை ஆணாக்கிவிட்டது என்று நம்புவது அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது. சித்தி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் அது விழுந்தது.

பங்குனியில் அங்கே கல்யாணம் நடந்தது. அதே நாட்களில் காயல் வாத்துக் கூட்டம் வடக்கே புறப்படத் தொடங்கியது. சித்தி ஒரு காலையில் பறவையைக் கொண்டுபோய்க் கரையில் விட்டாள். வெட்டின இறகு வளரவே இல்லை, கத்தரித்த நுனிகள் அப்படியே இருந்தன. வெட்டுப்பட்ட இறகு வளராது, அது தானாக உதிர்ந்தால்தான் அந்த இடத்தில் புதுசு வரும், அதற்குக் கோடை முடிய வேண்டும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. மற்றவை எழும்பியபோது அது தண்ணீரை அடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியது. சில நாட்கள் கரையோரம் தனியாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. காயல்காரரிடம் கேட்டேன். "அது போயி, மோளே," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தென்காசிப் பெண்ணுக்கும் குழந்தை பிறக்கவில்லை. சித்தியின் கண்பட்டதுதான் காரணம் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா டாக்டரிடம் போகவே இல்லை.

சித்தி தையல் வேலை செய்தாள், பல வீடுகளில் சமைத்தாள். ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து பெண்கள் ஹாஸ்டல்கள் முளைத்தபோது, ஒரு ஹாஸ்டல் சமையலறையில் சேர்ந்துகொண்டாள். எனக்கும் அங்கேயே ஒரு ஆபீசில் வேலை. கூட வேலை செய்த ஒருத்திக்குப் பறவை பார்க்கிற பைத்தியம். ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை என்னையும் வெள்ளாயணி வயலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் பைனாகுலரில் பார்த்தேன். தண்ணீர் நிறையத் தவிட்டு நிறம்.

"எல்லாம் பெட்டையா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பாதி ஆணாக இருக்கும் என்றாள். வெகுதூரத்தில், வடக்கே குஞ்சு பொரிக்கிற பறவையாம். ஜோடி சேர்கிற காலம் முடிந்ததும் ஆண் தன் அழகான இறகையெல்லாம் உதிர்த்துவிடும். சிறகிலுள்ள பெரிய இறகுகளும் ஒரே சமயத்தில் விழுந்துவிடும், சில வாரம் பறக்கவே முடியாது. எதிரி கண்ணில் படாமலிருக்கப் பெட்டையின் நிறத்தில் ஒளிந்துகொள்ளும். மற்ற வாத்துகள் சீக்கிரம் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும், இது மட்டும் மாசி வரைக்கும் பெட்டை வேஷத்திலேயே இருக்கும். நீலச்சிறகி என்று பெயராம்.

"அதுவரைக்கும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"சிறகை விரிச்சா தெரிஞ்சிடும். ஆணுக்குத் தோள்ல நீலம் இருக்கும், அது மட்டும் மாறாது. சத்தமும் வேற, கரகரன்னு சீப்பை உரசின மாதிரி."

மூன்று பெரியவர்கள் அந்தச் சிறகை விரித்துப் பிடித்து, நீலத்தைப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு, வெட்டினார்கள். சத்தத்துக்குக் கஷாயம் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானமே ஹாஸ்டலுக்கு ஓடினேன். சித்தி சமையலறையில் தனியாக இருந்தாள். தலை நரைத்துவிட்டது, பூ வைப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு பெரிய பாத்திரத்தில் காய்ச்சின பால் ஆறிக்கொண்டிருந்தது. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அது வந்த அன்றைக்கே ஆண், அம்மா பார்த்தது தப்பு, மாமியார் சொன்னது தப்பு, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற நினைப்பு எனக்கு.

சித்தி பொறுமையாகக் கேட்டாள். "அப்போ வரும்போவே ஆண்தானா?"

"ஆமா சித்தி. ஒங்க கை ஒண்ணும் பண்ணல."

அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். "அன்னைக்கு அந்தாளு தோள்ல நாலஞ்சு கெடந்துதுல்லா, மக்கா? அதுல பெட்டையும் இருந்திருக்கும்லா?"

"இருந்திருக்கும்."

"பின்னே எனக்குன்னு எடுக்கும்போ மட்டும் எதுக்கு ஆண் வந்துது?"

சித்தி விரல் நுனியைப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். மோர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"பால் ஆறிட்டு. உறை நீ ஊத்து, மக்கா."